ஆறினால் வராத உப்பு

அந்தத் தாளை எழுதியவர் மரக்காணம் உப்பள வெயிலில் ஒரே ஒரு நாள் நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்த ஊர்ப் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியை வேலைக்காக மாதிரி வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். பிரபஞ்சத்தில் பொருள் முதலில் எப்படி உண்டானது என்பது பாடம். "இதுல இருக்கறத அப்படியே நடத்துங்க சில்வியா மேடம்" என்று தாளாளர் அற்புதராஜ் ஒரு தாளைக் கொடுத்தார். ஆரம்பத்தில் எல்லாம் தாங்க முடியாத சூட்டில் இருந்தது, ஆற ஆறத் துகள்கள் ஒன்றுசேர்ந்தன என்பதுவரை சரி. அடுத்த வரியில்தான் வினை. 'வெந்நீரில் கரைத்த உப்பு, ஆறியதும் திரும்ப வருவதுபோல.' செய்து காட்டுவதற்கு பிளாஸ்க், கண்ணாடி டம்ளர், உப்பு எல்லாம் மேசையில் தயார்.

என் அம்மா இருபது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நாலு ஸ்பூன் உப்பைக் கலக்கி, வாய் கூசாமல் அந்த வரியை வாசித்தேன். மூன்று வருஷமாக வேலையில்லாமல் அலைந்தவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

கடைசி பெஞ்சில் மேரிசெல்வி என்ற பெண் எழுந்தாள். "மிஸ், எங்க உப்புப் பாத்தில ஆறி உப்பு வராது. வெயில்ல தண்ணி போனாத்தான் வரும்."

"உக்காரும்மா. இது சயின்ஸ். உங்க உப்பளத்துப் பேச்செல்லாம் வீட்டோட வச்சுக்க" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த அற்புதராஜ்.

வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் உலை கொதிப்பது அந்த உப்பளத்தால்தான். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

"அவ சொல்றதுதான் சார் சரி. தாள்ல இருக்கறது தப்பு" என்றேன். பிறகு பிள்ளைகளிடம் சொன்னேன்: "ஆரம்பத்துல பொருளும் இருந்துச்சு, எதிர்ப்பொருளும் இருந்துச்சு. ரெண்டும் மோதி ஒளியா மாறி அழிஞ்சுபோச்சு. பொருள் மட்டும் நூறு கோடிக்கு ஒண்ணு அதிகமா இருந்ததால மிஞ்சுச்சு. பாத்தில தண்ணியெல்லாம் போனப்புறம் உப்பு நிக்குதுல்ல, அந்த மாதிரி. கடல், நிலா, நீ, நான், எல்லாமே அந்த மிச்சம்தான்."

மேரிசெல்வி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

வகுப்பு முடிந்ததும் அற்புதராஜ் அறைக்குக் கூப்பிட்டார். "தாள மீறி நடத்தறவங்க நமக்கு வேணாம்மா. நாளைக்கு வேற ஒருத்தங்க வர்றாங்க."

"அவங்களும் அந்த வரியப் படிப்பாங்களா சார்?"

"படிப்பாங்க."

கையோடு கொண்டுவந்திருந்த டம்ளரை அவர் மேசையில் வைத்தேன். தண்ணீர் நன்றாக ஆறியிருந்தது. அடியில் ஒரு கல் உப்புகூட இல்லை.

"ஆறிடுச்சு சார். உப்ப எடுத்துக் காட்டுங்க."