சிமியோனுக்காக வைத்த கையெழுத்து

சிமியோனின் கைகளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். கொழும்புத்துறைக் கரையில் தகப்பனோடு இருந்து கிழிந்த வலை பொத்திய கைகள் அவை. அந்தக் கைகள் கத்தியைப் பிடித்தால் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நான் பிடித்தால் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் சத்திரசிகிச்சை நிபுணர் பயிற்சிக்குத் தெரிவானவர்கள். தொண்ணூற்று மூன்றில், குடாநாட்டு ஆசுப்பத்திரி ஒன்றில் நிபுணர் செபநாயகம் சேரின் கீழ் மூன்றாவது வருடமாக வேலை செய்தோம். எழுத்துச் சோதினையில் நான் அவனைவிட ஏழு புள்ளி கூட. உரும்பிராயில் என் அப்பா வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுவதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் அதைச் சொன்னார். ஆனால் தியேட்டருக்குள் ஏழு புள்ளியை வைத்து என்ன செய்வது? கடற்கரைப் பெடியன் ஒருவன் என்னை முந்துவதா என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. அதை இப்போது மறைத்துப் பயனில்லை.

அந்தக் காலத்தில் தியேட்டரில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. போரில் பாதை அடைபட்டு, சவர்க்காரம் கிடைப்பதே பெரும்பாடு. ஒருமுறை கை கழுவியவன் பேனையைத் தொட்டால் திரும்பவும் கழுவவேண்டும். ஆகவே கை கழுவாமல் நிற்பவன் நடந்த சத்திரசிகிச்சையைத் தியேட்டர் கொப்பியில் எழுதி, கத்தி பிடித்தவனின் கையெழுத்தையும் தானே வைத்துவிடுவான். சிமியோனுக்காக நானும் எனக்காக அவனும் அப்படி நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறோம். அதை யாரும் பிழையென்று நினைக்கவில்லை.

கொழும்பிலிருந்த பயிற்சி நிறுவனம் மாதாமாதம் எங்களுக்கு ஒரு புதுத்தகவல் தாள் அனுப்பும். சோதினைத் திகதி மாறினால், விதி மாறினால் எல்லாம் அதில்தான் வரும். கப்பல் வந்தால் தபால்பை வரும், தபால்பை வந்தால் தாள் வரும். கூடவே இன்னொரு தாளும் இருக்கும். தகவலைக் கண்டோம் என்று அதில் கையெழுத்திட்டு, திகதியும் நேரமும் எழுதித் திருப்பி அனுப்பவேண்டும். தகவல் தாளைப் பலகையில் குத்துவது என் பொறுப்பு.

பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், புத்தூரில் ஷெல் விழுந்து வயிறு கிழிந்த ஒரு மனுசியைக் கொண்டுவந்தார்கள். அன்று குடல் தைப்பது என் முறை. நான் ஊசியை வாங்கக் கையை நீட்டினேன்.

"பரமலிங்கம், நீர் விரிச்சுப் பிடியும். சிமியோன் தைக்கட்டும். அவன்ரை கைக்குத்தான் உது சரிவரும்" என்றார் சேர்.

ஒரு மணித்தியாலம் காயத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முறையை அவன் தைத்தான். என்னைவிட நன்றாகத் தைத்தான், அதுதான் பொறுக்கவில்லை. பிறகு வாட்டில் கிடந்தவர்களைப் பார்க்கச் சொல்லி சேர் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

வாசலில் கிளாக்கர் பத்மாசினி தாள்களோடு நின்றாள். பன்னிரண்டு மணிக்குத் தபால்பை போய்விடும், இருவருடைய கையெழுத்தும் உடனே வேண்டும் என்றாள். தகவலை வாசித்தேன். செய்த சத்திரசிகிச்சைகளின் பதிவேட்டை ஆடி மாதம் அனுப்பினால் போதும் என்றிருந்ததை மாற்றி, சித்திரைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் மேற்பயிற்சிக்கு ஆள் எடுப்பார்கள். வடக்குக்கு ஓர் இடம்தான். தவறவிட்டால் அடுத்த வருடம்.

என் பெயருக்கு எதிரே கையெழுத்து வைத்தேன். சிமியோன் கை கழுவி உள்ளே நிற்கிறான் என்று பத்மாசினிக்குத் தெரியும். வழக்கம்போல அவனுக்கும் நானே வைத்து, பதினொன்றரை என்று நேரமும் எழுதிக் கொடுத்தேன். தகவல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பின்னேரம் அந்த மனுசியின் சொந்தக்காரர் சிமியோனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றார்கள். நான் பக்கத்தால் போனேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. தாள் கடைசிவரை என் பையிலேயே கிடந்தது. அடுத்த கப்பலில் என் பதிவேடு மட்டும் போனது.

வைகாசியில் கொழும்பிலிருந்து வந்த யாரோ சொல்லித்தான் சிமியோனுக்கு விசயம் தெரியவந்தது. அவசரமாகப் பதிவேட்டை அனுப்பினான். அது ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது. தபால் சுணங்கித் தகவல் கிடைக்காத வடக்கு வைத்தியர்களுக்கு ஆடி வரை தவணை உண்டாம். ஆனால் வைத்தியர் சிமியோன் கையெழுத்திட்டிருப்பதால் அவருக்கு அது பொருந்தாதாம். கையெழுத்துத் தாளின் பிரதியும் இணைத்திருந்தார்கள். நான் அவனுக்குக் கையெழுத்து வைக்காமல் விட்டிருந்தால் அவன் தப்பியிருப்பான்.

சேர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, தகவல் பலகையில் போட்டதா என்று என்னைக் கேட்டார். போட்டேன், காற்றுக்குப் பறந்து போயிருக்கும் என்றேன். பிறகு பிரதியைச் சிமியோனிடம் நீட்டி, இது உம்முடைய கையெழுத்தா என்று கேட்டார். அவன் திகதியைப் பார்த்தான். நேரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஓம் சேர், என்ரைதான். வாசிக்காமல் வைச்சிட்டன் போலை."

வெளியே வந்ததும் அவனே கதைத்தான்.

"பதினொண்டரைக்கு என்ரை ரெண்டு கையும் அந்த மனுசின்ரை வயித்துக்குள்ளை. வெளியிலை நிண்டது நீ. உந்தக் கையெழுத்தைப் பொய்யெண்டு நான் சொன்னால், தியேட்டர் கொப்பியிலை எனக்காக நீ வைச்சதெல்லாம் பொய்யெண்டுவாங்கள். மூண்டு வருச வேலை போயிடும். அதாலைதான் சொல்லேல்லை. உனக்காக எண்டு நினையாதை."

அவன் என்னை அடித்திருந்தால் நானும் திருப்பி அடித்து, கணக்கைத் தீர்த்திருப்பேன். அவனோ அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டான். அந்த நிதானத்தைக் கண்டும் பொறாமைப்பட்டேன்.

ஆவணியில் இன்னொரு தகவல் தாள் வந்தது. பத்மாசினி கொண்டுவந்தபோது சிமியோன் கை கழுவி முடித்து, முழங்கையால் தண்ணீர் சொட்டத் தியேட்டர் வாசலில் நின்றான். அவள் பழக்கத்தில் இரண்டு தாளையும் என்னிடம் நீட்டினாள்.

"எனக்கும் நீயே வை," என்றான் சிமியோன். "ஆனால் இந்தமுறை வாசிச்சுக் காட்டிப்போட்டு வை."

வாசித்தேன். வடக்கிலிருந்து மேற்பயிற்சிக்குத் தெரிவானவர் என்று முதல் வரியிலேயே என் பெயர்தான் இருந்தது. அதையும் சத்தமாக வாசிக்கவேண்டி வந்தது. பத்மாசினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிமியோன் முழுவதையும் கேட்டுவிட்டு, சரி வை என்றான்.

அவன் பெயருக்கு எதிரே பேனையை வைத்தேன். நூறு தரம் வைத்த கையெழுத்து அன்று கோணலாக விழுந்தது. நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்த அவன் கைகளில் ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லை. இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. அந்தக் கைகளைப் பார்க்க அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.