குளம்புச் சூடு

வண்டியைப் பூட்டும்போதே நளீருக்குத் தெரிந்துவிட்டது. குதிரை முன்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்கால்களில் போட்டு நின்றது. குளம்பு சுட்டது.

முதல்நாள் கொள்ளுப் பெட்டியை மூட மறந்தவன் அவன்தான். அரைப் பெட்டிக் கொள்ளைக் குதிரை தின்று முடித்திருந்தது. அப்படித் தின்றால் குளம்புக்குள்ளே வீக்கம் காணும், நடக்கவே விடக்கூடாது. ஆனால் நோயைச் சொன்னால் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். வேலை போகும். லாயத்துக்குப் பின்னால் அவனும் நிறைமாத மனைவி லத்தீபாவும் இருந்த அறையும் போகும்.

"ஐயா, குதிரைக்கு இண்டைக்கு ஏலாது போலை," என்று மட்டும் சொன்னான்.

"பத்து மணிக்குப் பருத்தித்துறைக் கோட்டிலை வழக்கு. உனக்கு ஏலாதெண்டால் சொல்லு, வேறை ஆளைப் பாக்கிறன்," என்றார் வண்டியின் சொந்தக்காரரான வக்கீல், பிறக்கிராசி கனகசபாபதி.

கோப்பாய் வரைக்கும் சாட்டையைத் தொடாமல் ஓட்டினான். பிறகு தொடவேண்டி வந்தது. புத்தூரில் குதிரை வியர்த்து நடுங்கி நின்றுவிட்டது.

"அடியடா!"

"இல்லை ஐயா. பெட்டியை நான்தான் திறந்து விட்டனான். அரைப் பெட்டிக் கொள்ளைத் திண்டிட்டுது. காலமையே எனக்குத் தெரியும். இனி நடத்தினால் குளம்பு கழண்டுபோம்."

கனகசபாபதி வண்டியை விட்டு இறங்கினார். வந்த பஸ்ஸை மறித்து ஏறிப் போனார்.

பக்கத்துத் தோட்டத்தில் சின்னத்தங்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உந்த வாய்க்காலுக்கை குதிரையை நிப்பாட்டட்டே? குளிர்தண்ணி பட்டாத்தான் கால் தப்பும்."

"ஓம், நிப்பாட்டு. பாத்தியை மிதிக்க விடாதை."

பின்னேரம் கனகசபாபதி திரும்பியபோதும் நளீர் தண்ணீருக்குள்தான் நின்றான்.

"எத்தினை நாள் செல்லும்?"

"ரண்டு கிழமையாவது, ஐயா."

"அதுமட்டும் இங்கை நில். பிறகு குதிரையைக் கொண்டுவந்து கட்டிப்போட்டு, உன்ரை சாமானை எடுத்துக்கொண்டு போ."

மூன்று நாள் தண்ணீரில் நிறுத்தினான். பிறகு சின்னத்தங்கத்தின் மாட்டுக் கொட்டிலில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, புல்லை மட்டும் போட்டான். எட்டாம் நாள் லத்தீபாவுக்குப் பெண்பிள்ளை பிறந்த சேதி வந்தது.

"போய்ப் பிள்ளையைப் பாத்திட்டு வா தம்பி, குதிரையை நான் பாக்கிறன்," என்றாள் சின்னத்தங்கம்.

நளீர் ரோட்டைப் பார்த்தான். பஸ் பிடித்தால் அரை மணித்தியாலம்.

"அண்டைக்கும் கொஞ்ச நேரம்தான் பாராமல் விட்டனான், அக்கா," என்று சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போனான்.

மூன்றாம் கிழமைதான் குதிரை நான்கு காலிலும் சரியாக நின்றது. வண்டியை அங்கேயே விட்டு, ரோட்டோரப் புல்லில் அதை மெல்ல நடத்தி வந்து லாயத்தில் கட்டினான். அறையில் பாயும் சட்டிபானையும் கட்டித் தயாராக இருந்தன. லத்தீபா பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள்.

"இனி எங்கை போறது?"

"முதலிலை உம்மா வீட்டை போவம்," என்றான்.