பாக்கெட்டைக் கடித்த ரீல்

"டெலிட் பண்ணாத டயானா! நாலு லட்சம் வியூஸ். நம்ம ஊர்ல எவனுக்கு வரும்?" என்று பிரிட்டோ என் போனைப் பிடுங்கப் பார்த்தான்.

"கமெண்ட் படிச்சியாடா?"

"படிச்சேன், சிரிச்சேன். சிரிக்கிறவன் நாளைக்கு வாங்குவான்."

விஷயம் இதுதான். நானும் என் சித்தப்பா மகன் பிரிட்டோவும் நன்னாரி சர்பத் வியாபாரம் ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. கல்வராயன் மலையிலிருந்து வேடியப்பன் அண்ணன் வேர் அனுப்புவார். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் எழில்மதி அக்கா சர்பத் காய்ச்சுவார். நான் சின்னசேலத்தில் உட்கார்ந்து இன்ஸ்டாவில் போடுவேன். எங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் எண்பத்தொரு பேர். அதில் பாதி சொந்தக்காரர்கள்.

அதனால்தான் சாம்பிளைச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் கட்டி பஸ் ஸ்டாண்டில் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதையே ரீலாகவும் எடுத்தேன்.

"கத்தரிக்கோல் வேணாம்க்கா. மூலையப் பல்லால கடிச்சு டம்ளர்ல ஊத்துங்க. அப்பதான் நேச்சுரலா இருக்கும்."

அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கடித்தார். ஒரே டேக். லொகேஷன் கள்ளக்குறிச்சி என்று போட்டேன்.

பத்தாவது நிமிடம் முதல் கமெண்ட்: "கள்ளக்குறிச்சி பாக்கெட்டா? ஆம்புலன்ஸும் சேத்து அனுப்புவீங்களா?" அதற்கு ஆறாயிரம் லைக்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2024இல் கருணாபுரத்தில் அத்தனை பேரைக் கொன்ற விஷச் சாராயம் பாக்கெட்டில் வந்தது. செத்தவர்களில் அக்காவின் கணவரும் ஒருவர். எனக்குத் தெரியாத விஷயமா? முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்த அவசரத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. உறைத்த பிறகாவது ரீலை அழித்தேனா? இல்லை. இரண்டு நாள் எண்ணிக்கை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பிரிட்டோவைத் திட்டிவிட்டு பஸ் ஏறினேன். அக்கா அடுப்பருகே இருந்தார். எல்லாக் கமெண்டும் படித்திருந்தார்.

"சாரிக்கா..."

"இன்னாத்துக்கு? கடிக்கும்போதே தோணுச்சு. எங்க வூட்டுக்காரரும் அப்டித்தான் கடிப்பாரு."

"சொல்லியிருக்கலாம்லக்கா."

"நீ குதிச்சிக்கினு இருந்தே. எப்டிச் சொல்றது?"

"டெலிட் பண்ணிடறேன்க்கா. இனிமே ஊரையும் கல்வராயன் மலைன்னே போட்டுடறேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "வீடியோவ எடுத்துடு. ஊரு பேர ஏன் எடுக்கிற? காய்ச்சறது மலையா, நானா? இந்தத் தெருன்னு சொன்னாலே ஒரு மாதிரி பாக்கறாங்க. நல்ல பொருளுக்கும் பேர ஒளிச்சு வெச்சா, அப்புறம் எதுக்குத்தான் சொல்றது?"

அங்கேயே அழித்தேன். நாலு லட்சமும் ஒரே அழுத்தலில் போனது. உள்ளுக்குள் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த ரீலில் கண்ணாடி பாட்டில். பாட்டு இல்லை. அக்கா நேராகப் பார்த்துப் பேசினார். "நான் எழில்மதி. கருணாபுரம். இத நேத்து காய்ச்சினேன். எம்பொண்ணு தெனம் குடிக்கிறா. சந்தேகம்னா வூட்டுக்கு வந்து பாத்துட்டு வாங்குங்க."

அறுநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அதில் ஒரு அம்மா நிஜமாகவே மணலூர்பேட்டையிலிருந்து வந்துவிட்டார்! அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, வேரை முகர்ந்து, ஒரு டம்ளர் குடித்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று வாங்கிக் குடித்து, இரண்டு பாட்டில் எடுத்துப் போனார். அக்கா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாலு லட்சத்த வுட்டுட்டு ஒரே ஒரு அம்மாவப் புடிச்சிருக்க. சூப்பர் பிசினஸ்" என்றான் பிரிட்டோ.

நாளைக்கு லேபிள் அச்சுக்குப் போகிறது. பிரிட்டோ 'கல்வராயன் நன்னாரி' என்கிறான். அக்கா ஒரு தாளில் 'கருணாபுரம் நன்னாரி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அக்கா பக்கம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கப்போவது நான் இல்லையே. அந்தப் பெயரோடு ஒரு பாட்டில் கடையில் இருந்தால், நீங்கள் கை நீட்டி எடுப்பீர்களா? சொல்லுங்களேன், என்ன நினைக்கிறீர்கள்?