மூன்று மாதத் தலைவி

மத்திய குழுக் கூட்டம் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் தொடங்கி, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகும் முடியவில்லை. பழைய தலைவர் உடல்நலம் கெட்டுப் பதவியை விட்டிருந்தார். அந்த இடத்துக்கு ஹமீட் ஹாஜியாரும் வழக்குப் பேசும் சட்டத்தரணி பாயிஸும் நின்றார்கள். இலங்கையின் கிழக்கு முழுவதும் நாற்பத்தொரு கிளைகள் கொண்ட பெரிய கட்சி. ஒருவர் வந்தால் மற்றவர் பாதிக் கட்சியைப் பிரித்துக்கொண்டு போவார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மேசையின் ஓரத்தில் ஜெமீலா வழமைபோலக் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடமாக அவள்தான் எழுதுகிறாள்.

"அப்ப ஒண்டு செய்வம்," என்றார் ஹாஜியார். "மாநாட்டுல புதுத் தலைவரத் தெரிவு செய்யும் வரைக்கும் மூணு மாசத்துக்கு ஜெமீலா தங்கச்சி இரிக்கட்டும். தலைவர்ட கதிர சூடு ஆறாமப் பாத்துக்கொள்ளட்டும்."

"நல்லது," என்றார் பாயிஸ். "அவவால ஒருத்தருக்கும் கரச்சல், தொந்தரவு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெமீலாவும் சிரித்தாள். சிரித்தபடியே, 'இடைக்காலத் தலைவராக ஜெமீலா ஏகமனதாகத் தெரிவு' என்று எழுதினாள். தன் பெயரைத் தானே எழுதும்போது பேனா ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது.

வீட்டில் அவள் கணவர் முஸ்தாக் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் அடுப்படியை அவர் பொறுப்பெடுத்திருந்தார். செய்தி அவருக்கு முன்னமே வந்துவிட்டது.

"தலைவி வாறா. கதிரையையும் கையோட கொண்டு வந்தயா?"

"பகிடி பண்ணாதீங்க. மூணு மாசம்தானே."

"நான் மாசத்தக் கேக்கல்ல. உனக்கு விருப்பமா?"

அன்று முழுவதும் ஒருவரும் கேட்காத கேள்வி அது. ஜெமீலா முகம் கழுவப் போனாள். விருப்பம் என்ற ஒன்று தனக்குள் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது, பிறத்தியார் வீட்டு அலுமாரியைத் திறப்பதுபோல.

ஆனால் நாட்கள் போகப் போக அலுமாரி தானாகவே திறந்துகொண்டது. விதைப்புக் காலத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக அக்கரைப்பற்று விவசாயிகளும் ஆலையடிவேம்பு விவசாயிகளும் முகம் திருப்பிக்கொண்டபோது, இரு பக்கத்தாரையும் ஒரே மேசையில் இருத்தி, முறை வைத்துத் தண்ணீர் விட இணங்கச் செய்தாள். திரும்பி வரும்போது வான் வண்டியின் ஜன்னலோரம் இருந்து வயலைப் பார்த்தவளுக்கு, நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது. சந்தோஷம்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது மாத முடிவில் ஹாஜியார் வந்தார்.

"தங்கச்சி, மாநாட்டுல தலைவர் பதவிக்குப் பேர் குடுக்க மாட்டன் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க. சும்மா ஒரு ஒழுங்குக்கு. ஆருக்கு வாக்கெண்டு ஒவ்வொரு கிளையும் கூடி முடிவெடுக்கும், அதுல முதல் கூட்டம் சாய்ந்தமருதில நம்மட ஊட்டுலதான். அதப் பாத்து மத்தக் கிளையெல்லாம் வழிக்கு வரும். அங்க வாசிப்பம்."

அவள் எழுதினாள். கையொப்பமும் வைத்தாள். கடிதத்தைக் கைப்பையில் போட்டாள்.

கடிதம் எழுதிய அதே மேசையில் இருந்துதான் அந்தக் கூட்டத்துக்கான அழைப்புகளையும் எழுதினாள். அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தபாலில் அழைப்பு அனுப்ப வேண்டும் என்பது கட்சி யாப்பில் உள்ள விதி. இத்தனை காலமும் ஆண்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவதோடு அது முடிந்துவிடும். கிளைக்கு நூறு அங்கத்தவராவது வேண்டும் என்று விதி வந்த வருடம், எண்ணிக்கை போதாமல், எல்லோரும் மனைவி, மச்சினிச்சி, மாமி என்று வீட்டுப் பெண்களின் பெயர்களையெல்லாம் கொடுத்து நிரப்பியிருந்தார்கள். அந்தப் படிவங்களை எழுதியவளும் ஜெமீலாதான். பாதிக்கு மேல் பெண்கள். கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள். எழுதியவள் மறக்கவில்லை.

விதியைத்தானே செய்கிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே உதட்டோரம் சிரிப்பு வந்ததை என்ன செய்வது?

இந்தக் கிழக்குக் கரையில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீட்டு உறுதிப் பத்திரமும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். ஆகவே கட்சிக் கூட்டமெல்லாம் யாரோ ஒருத்தியின் வீட்டு முன்கூடமான ஹோலில்தான் நடக்கும். அவள் திரைக்குப் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள். கூட்டம் முடிந்து ஜெமீலா தொழுவதும் அந்தத் திரைக்குப் பின்னால்தான். தொழுதபின் பெண்களோடு ஒரு கோப்பை தேத்தண்ணி. எந்தத் தெருவில் வெள்ளம் வடியவில்லை, எந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை, ஹோலில் பேசியதில் எது வெறும் கதை என்பதெல்லாம் அவள் அங்கே அறிந்தவை.

சாய்ந்தமருதுக் கூட்டத்தன்று ஹாஜியாரின் மனைவி மைமூனா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். திரும்பிப் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்து அதில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் திரை விலகியது. அடுப்படியிலிருந்தும் பக்கத்து வளவுகளிலிருந்தும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு கடித உறை.

"என்னகா இது?" என்றார் ஹாஜியார். "இது கட்சிக் கூட்டம்."

"ஓம், தெரியும். எனக்கும் கடிதம் வந்திரிக்கி. எண்ட பேர் போட்டு வந்த முதல் கடிதம்." மைமூனா முக்காட்டைச் சரிசெய்தாள். "எண்ட ஊட்டுல நடக்கிற கூட்டத்துக்கு நான் வரப்புடாதா?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள்.

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, இருங்க. தங்கச்சி, அந்தக் கடிதத்தத் தாங்க, வாசிப்பம்."

ஜெமீலா கைப்பையை மடியில் எடுத்தாள். கடிதம் விரலில் பட்டது. இப்போது கொடுத்துவிட்டால் நாளை மேசையின் ஓரத்துக்குத் திரும்பிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நல்ல பெண் என்பார்கள்.

"பேர் குடுத்திருக்கிறவங்க ஆர் ஆர்?" என்று மைமூனா கேட்டாள்.

"நான். மத்தது லோயர் பாயிஸ். வேற ஆருமில்ல."

மைமூனா ஜெமீலாவைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள் மட்டும்தான். 'உனக்கு விருப்பமா' என்று வீட்டில் முஸ்தாக் கேட்ட கேள்விக்கு ஜெமீலா இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜெமீலா கைப்பையின் வாயை மூடினாள். "நானும்," என்றாள்.

அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. ஆனால் அந்நியமாக இல்லை.

ஜெமீலாவுக்கு வாக்களிக்கக் கைகள் உயர்ந்தன. அவற்றுள் மைமூனாவின் கையையும் கண்டதும் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுப் பார்த்தார். கை அங்கேயேதான் இருந்தது.

"சொந்த ஊட்டுலயே தோத்துட்டன்," என்றார்.

"ஊட்டு உறுதி ஆர்ட பேருல இரிக்கி?" என்றாள் மைமூனா. "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னமே தொலைபேசிகள் மருதமுனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அப்பாலும் செய்தியைக் கொண்டுபோயின. அடுத்த வாரங்களில் ஊர் ஊராகத் திரைகள் விலகின. காற்று வீசும் பக்கத்தை முதலில் அறிந்த பாயிஸ் தன் பெயரை மீளப் பெற்று, ஆரம்பத்திலிருந்தே ஜெமீலா பக்கம்தான் நின்றதாகச் சொல்லித் திரிந்தார். கல்முனை மாநாட்டில் எண்ணியபோது நாற்பத்தொன்றில் இருபத்தொன்பது கிளைகள் அவளுக்கு.

அன்று வீட்டுக்கு வந்ததும் முஸ்தாக் வாயைத் திறக்கும் முன் அவள் சொன்னாள்: "ஓம். விருப்பம்தான்."

"ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்ல மூணு மாசமா?" என்றார் அவர். "எண்ட வகுப்பில எண்டா முட்டைதான்."

புதிய மத்திய குழு கூடிய நாள். ஜெமீலா நடுக் கதிரையில் இருந்தாள். எல்லோரும் வந்தும் கூட்டம் தொடங்கவில்லை. மேசையின் ஓரத்தில் வெறும் கதிரைக்கு முன் குறிப்புப் புத்தகம் மூடிக் கிடந்தது.

"குறிப்பு ஆர் எழுதுற?" என்று ஹாஜியார் கேட்டார். எல்லாக் கண்களும் பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பின. அவளுடைய கையும் பழக்கத்தில் பேனாவைத் தேடிப் போனது. பாதி வழியில் அவள் அதைக் கண்டுகொண்டாள். புத்தகத்தை இழுத்தெடுத்து, மெதுவாகப் பாயிஸின் முன்னால் தள்ளினாள்.

"லோயர், உங்கட எழுத்து நல்ல எழுத்து."

"நானா?" என்றார் பாயிஸ்.

"மூணு மாசத்துக்குத்தான்," என்றாள் ஜெமீலா.

முதலில் சிரித்தவர் ஹமீட் ஹாஜியார்.