பேனரில் தொங்கிய கைகள்

இயந்திரவியல் இரண்டாம் ஆண்டில் அவளுக்கு, தகடுகளை இணைக்க அறையும் ஆணியின் பெயரான ரிவெட் என்று பெயர் வைத்திருந்தார்கள். உருவம் சின்னது என்பது ஒரு காரணம். ஓரிடத்தில் இறங்கிவிட்டால் கழற்ற முடியாது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்தை மூன்று நாளாக அனுபவித்துக்கொண்டிருந்தவர் பட்டறை ஸ்டோர்க்காரர்.

“அண்ணே, சின்ன சைஸ் கையுறை.”

“இல்லம்மா. நேத்தும் இல்ல, முந்தாநாளும் இல்ல.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இல்லாமதான் இருக்கும். இருபது வருசமா லார்ஜ்தான் வாங்குறோம். இதுவரைக்கும் ஒருத்தனும் வாயத் தெறக்கல.”

லார்ஜ் கையுறைக்குள் அவளுடைய இரண்டு கைகளும் சேர்ந்து குடித்தனம் நடத்தலாம். பொருந்தாத கையுறையோடு வெல்டிங் கூடத்துக்குள் நுழையக்கூடாது என்பது விதி. அந்த விதியோடு அவளுக்குச் சண்டையில்லை. தீப்பொறி உள்ளே விழுந்தால் வெந்துபோவது அவள் கைதான். ஆனால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வெல்டிங் தேர்வு. அதில் தேறினால்தான் பந்தயக் கார் கட்டும் மாணவர் அணியில் சேரலாம். அந்த அணிக்காகத்தான் அவள் இந்தக் கல்லூரிக்கே வந்தாள்.

“பத்துப் பேர் கையெழுத்து போட்டுக் கேட்டா புது சைஸ் வாங்கலாம்,” என்றார் ஸ்டோர்க்காரர், பத்துப் பேர் சேர மாட்டார்கள் என்ற நிம்மதியில். துறையில் மொத்தமே மூன்று பெண்கள்.

வெளியே வந்தவள் பட்டறை வாசலில் நின்றாள். தலைக்கு மேலே ‘எல்லோரும் நம்மவர்’ பேனர். போன மாதம் கல்லூரியின் அரவணைப்புக் குழு விழா எடுத்து, துறையில் உள்ள அத்தனை பேரின் உள்ளங்கையையும் சாயத்தில் முக்கி அதில் பதிக்க வைத்திருந்தது. ஒவ்வொரு கைக்கும் கீழே பெயர். அரவணைப்பு ஒரு வாரம் எல்லோருடைய நகக்கண்ணிலும் இருந்தது. அதோடு வேலை முடிந்தது என்று குழு ஓய்வெடுக்கப் போய்விட்டது.

ரிவெட்டின் அம்மா தையல்காரி. மகளின் பையில் புத்தகம் இல்லாத நாள் உண்டு, அளவு நாடா இல்லாத நாள் இல்லை. ரிவெட் ஸ்டூல் போட்டு ஏறினாள். நூற்றுப் பன்னிரண்டு கைகளையும் அளந்து முடிக்க மதியச் சாப்பாடு போயிற்று. சின்ன சைஸுக்குள் அடங்கியவை பத்தொன்பது. அதில் பதினாறு ஆண்கள். அவர்களில் ஒருவன் கார் அணியின் கேப்டன்.

கேப்டன் ஆறடி. அவன் நடந்து வந்தால் கதவு தானே விலகும் என்று ஜூனியர்கள் நம்பினார்கள்.

“அண்ணா, ஒரு கையெழுத்து.”

தாளைப் படித்தான். “சின்ன சைஸா? எனக்கா? என்ன, கிண்டலா?”

“உங்க உள்ளங்கை அகலம் ஏழரை சென்டிமீட்டர்ண்ணா. என்னோடது ஏழு.”

கேப்டன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் கையுறையைக் கவிழ்த்தான். உள்ளேயிருந்து ஒரு பழைய சாக்ஸ் விழுந்தது.

“மூணு வருசமா இப்படித்தான் ஓட்டுறேன். வெளிய சொல்லிடாத.”

“நான் எதுக்குச் சொல்லணும்? உங்க பேரோட வாசல்லயே தொங்குதேண்ணா.”

கையெழுத்துப் போட்டான். கேப்டனே போட்டுவிட்டான் என்றதும் மற்றவர்களுக்கும் ஆண்மைக்கு இருந்த ஆபத்து விலகியது. ஒருவன் கையுறைக்குள் பஞ்சு வைத்திருந்தான், ஒருவன் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு. சாயங்காலத்துக்குள் பதினாலு கையெழுத்து.

ஸ்டோர்க்காரர் இரண்டு தடவை எண்ணினார். “இத்தனை பேரும் இத்தனை நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தானுங்க?”

“சமாளிச்சிட்டிருந்தாங்கண்ணே.”

கையுறை வந்து சேர்ந்தது தேர்வு வாரத்துப் புதன்கிழமை. மற்றவர்கள் மூன்று வாரம் பழகியதை அவள் இரண்டு நாளில் பழக வேண்டியிருந்தது. இதற்குள் விஷயம் தெரிந்த அரவணைப்புக் குழு, ‘கையளவு தின விழா’ நடத்தினால் குத்துவிளக்கு ஏற்ற வருவாயா என்று கேட்டு அனுப்பியது. ஏற்ற வேண்டிய நெருப்பு வேறு இருக்கிறது என்று பதில் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை. இரண்டு இரும்புத் துண்டுகளை ஒட்ட வேண்டும், ஆசிரியர் சுத்தியலால் ஐந்து அடி அடிப்பார், ஒட்டு நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

அவளுடைய முதல் ஒட்டு முதல் அடியிலேயே பிஸ்கட் மாதிரி இரண்டாயிற்று.

“பரவால்லம்மா,” என்றார் ஆசிரியர். “ரெண்டு நாள் பழகிட்டு வந்து நின்னதே பெருசு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“இன்னொரு வாய்ப்பு இருக்குல்ல சார்?”

“இருக்கு...”

“அப்ப துண்டக் குடுங்க.”

முகமூடியை இறக்கினாள். முதல் தடவை அவசரப்பட்டுவிட்டாள். இரும்பு உருகும் முன்னே கை நகர்ந்துவிட்டது. இப்போது நிதானித்தாள். உள்ளங்கை கையுறைக்குள் வழுக்கவில்லை. பிடித்த இடத்தில் பிடித்தபடி, உருகிய குழம்பின் பின்னாலேயே மெதுவாகப் போனாள்.

ஆசிரியர் அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

சுத்தியலைக் கீழே வைத்தார். “போதும்மா, பாஸ். இது நிக்கும். எனக்குத் தெரியும்.”

“எல்லாருக்கும் அஞ்சு அடிதானே சார்?”

“ஆமா.”

“அப்ப மிச்ச ரெண்டையும் அடிங்க.”

ஆசிரியர் அவளை ஒருமுறை பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இந்தத் தடவை தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை.

நான்கு. ஐந்து.

மேசைதான் ஆடியது.