அடிப்பிடித்த ஈஸ்ட்

என் நாய் வயிறு நிறையத் தின்றது. என் வயிறு எரிந்தது.

நாய்த்தீனித் தொழிற்சாலையில் சுவை சேர்ப்பது என் வேலை. ஒரே வீட்டில் இருக்கிற ஓரகத்தியை அங்கே சேர்த்துவிட்டதும் நானேதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இறைச்சி ஒத்துக்கொள்ளாத நாய்களுக்காக, இறைச்சியே சேராத தீனி ஒன்று வரவிருந்தது. பருப்பு மாவு உருண்டைகள்மேல் பூச ஆளுக்கொரு கலவை செய்தோம். எது நல்லது என்று சொல்லப்போவது என் வளர்ப்பு, குண்டன். பெயர்தான் குண்டன், இப்போது விலா எலும்பு தெரிகிறது. இறைச்சி தின்றால் உடம்பெல்லாம் சொறி, வேறு எதை வைத்தாலும் தொடுவதில்லை. இப்படியே போனால் பிழைக்காது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

என் கலவையில் காளான், தக்காளி, பக்குவமாக வறுத்த ஈஸ்ட். மூடியைத் திறந்ததும் மேலாளருக்கே நாக்கில் எச்சில் ஊறியது. அவளுடையதைத் திறந்தபோது நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டு கிண்ணங்களையும் வைத்தோம். குண்டன் என்னைப் பார்த்து வாலாட்டினான், என் கிண்ணத்தை முகர்ந்தான், அவள் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"இடது பக்கம்தான் அவனுக்குப் பழக்கம். மாத்தி வைங்க," என்றேன்.

மாற்றினார்கள். அவனும் மாறிப் போனான்.

"இவ நிக்கிறா இல்ல, அதான்! வீட்டுல கொஞ்சிக் கொஞ்சிக் கெடுத்து வெச்சிருக்கா. வெளிய போகச் சொல்லுங்க."

அவள் வெளியே போனாள். குண்டன் அவள் கிண்ணத்தை நக்கியே அறை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். நன்றி கெட்ட நாயே என்றுதான் வாயில் வந்தது. நன்றிக்கு நாயை உதாரணம் சொன்னவன் கையில் கிடைத்தால் தெரியும்!

மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். "பாத்தீங்களாம்மா, நேத்து வந்த பொண்ணு!" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

"அப்படி என்னடி போட்ட?" என்று கேட்டேன்.

"திட்டாதீங்கக்கா. அன்னிக்கு நீங்க போன் பேசிக்கிட்டே விட்டுட்டதுல ஈஸ்ட் அடிப்பிடிச்சுதே, நாத்தம்னு என்னைக் கொட்டச் சொன்னீங்களே. கொட்டும்போது சட்டைக் கையில பட்டுருச்சு. வீட்டுக்கு வந்தா குண்டன் அந்தக் கையை விடவே இல்ல. அதே மாதிரி கருக விட்டுச் செஞ்சேன்."

"குமட்டுதேடி அது!"

"திங்கறது அவன்தானேக்கா."

அது என்னுடையது என்று ஓடிப்போய் மேலாளரிடம் கத்தலாம். கொட்டச் சொன்னதும் நான்தான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். குண்டன் காலிக் கிண்ணத்தைப் பார்த்து முனகினான்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"நீங்களே வைங்கக்கா," என்று சட்டியை நீட்டினாள்.

கையால் அள்ளி வைத்தேன். குண்டன் கிண்ணத்தை விட்டுவிட்டு என் கையை ஆசை ஆசையாக நக்கினான்.

"உங்க மேல எவ்வளவு பாசம் பாருங்க," என்று அவள் சிரித்தாள்.

விரலெல்லாம் அவள் கலவை.