மூன்று கை பட்ட விசிறி

என் வீட்டுக்காரி வாங்கிய பழைய வேனுக்குள் ஒரு சின்ன லாரியின் எஞ்சினை ஏற்றினோம். ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா? முகப்பில் மிஞ்சியது ஒரு சாண் இடம். கடையில் விற்கிற ரேடியேட்டர் எதுவும் அதற்குள் நுழையவில்லை. அலுமினியத் தகட்டை வெட்டி, மடக்கி நாங்களே ஒன்று செய்தோம். வெட்டியது நான். பற்றவைத்தது என் மச்சினன். பட்டறையில் அவனைத் தீப்பொறி என்பார்கள். முதுகு ஒடிந்தாலும் சாமான் அழகாகத்தான் வந்தது.

வண்டியைப் பதிவு செய்ய அதிகாரி வருவார். இருபது நிமிடம் எஞ்சின் ஓட வேண்டும், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடக் கூடாது, நடுவில் அணைக்கவும் கூடாது. முதல் முறை ஒட்டு விட்டு ஒழுகியது. இரண்டாம் முறை விசிறி தலைகீழாகச் சுற்றி, காற்றை உள்ளே இழுக்காமல் அனலை அதிகாரி முகத்தில் ஊதியது. மூன்றாம் முறையும் கொதித்தால் வண்டியை உடைக்கத்தான் கொடுக்க வேண்டும். ஆறு மாதமாக அவள் தூக்கத்திலும் கியர் போட்டுக்கொண்டிருந்தாள்.

விசிறிக்கு வைத்தியம் சுலபம்: இரண்டு வயரை இடம் மாற்றினால் நேராகச் சுற்றும். ஆனால் பேட்டரி சார்ஜுக்குப் போயிருந்ததால் சுற்றவிட்டுப் பார்க்க வழியில்லை. அதிகாரி வரும்போதுதான் பேட்டரியும் வந்தது. மாட்டினோம். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது.

தீப்பொறி என் காதருகில் வந்தான். "மாமா, கவலைய விடுங்க. ஃபேன் வயர மாத்திட்டேன்."

"எப்போடா?"

"நீங்க டீ குடிக்கப் போனீங்கல்ல, அப்போ."

அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அடப்பாவி! நான் மாத்திட்டுத்தானேடா டீ குடிக்கவே போனேன்!"

இரண்டு முறை மாற்றினால் பழைய குருடி கதவைத் திறந்த கதைதான். அணைக்கவும் முடியாது. அவன் ஒரு அட்டையை எடுத்தான், நான் ஒன்றை எடுத்தேன். இரண்டு பேரும் வண்டிக்கு முன்னால் நின்று பேய் பிடித்தவர்கள்போல் விசிறினோம்.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"ஈ சார்," என்றான் தீப்பொறி.

"எஞ்சினுக்கா?"

"பெயிண்ட் புதுசு சார். வந்து வந்து உக்காருது."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கப்போய் விக்கல் வந்தது. விக்கிய வேகத்தில் அட்டை கை நழுவியது. கீழே விழவில்லை, பட்டென்று முகப்புக் கம்பிகளில் போய் அப்பிக்கொண்டது.

"அத எடுங்க! முள்ளு ஏறுது!" என்று உள்ளிருந்து அவள் கத்தினாள்.

பிய்த்தேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடி அப்பியது. விசிறி காற்றை உள்ளேதான் இழுக்கிறது!

"எப்பிடி மாமா?" என்றான் தீப்பொறி.

அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "நான்தான் வயர மாத்துனேன். நீங்க ரெண்டு பேரும் பேட்டரி எடுக்கப் போனப்போ. உங்கள நம்பிட்டு உக்காந்திருப்பேனா?"

"அக்கா, நாங்களும்தான் மாத்துனோம். ஆளுக்கு ஒரு தடவ!"

அவள் விரலை மடக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். முகம் வெளுத்தது. அடுத்த நொடி ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். ஹாரன் அலறியது. அதிகாரி துள்ளி விழுந்தார்.

இருபதாவது நிமிடத்தில் முள் பாதிக்கும் கீழே படுத்துக் கிடந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். தாளை வாங்கிய கையோடு அவள் கியரைத் தட்டினாள்.

"ஏய், நாங்க ஏறலடி!"

வேன் வாசலைத் தாண்டிவிட்டது. கையில் அட்டையோடு நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம். தீப்பொறி ஓடிக்கொண்டே இன்னும் விசிறிக்கொண்டிருந்தான்.